புழுவா, மாவா

நேற்றுக் காலை ஜேர்மனியிலிருந்து அக்காவின் மகன் ஒரு படம் அனுப்பியிருந்தான். தூண்டில் சாமான் விற்கிற கடை. ஒரு போத்தலில் மஞ்சள் உருண்டைகள், வாழைப்பழ வாசமாம். பக்கத்தில் பிளாஸ்டிக் பெட்டியொன்றில் உயிர் மண்புழு, ஈரமண்ணோடு. கூடவே அவனுடைய குரல்.

"மாமா, வெயில் காலத்திலை கெண்டைக்கு எந்த இரை நல்லம்? அப்பா மாதான் எண்டு ஒரே பிடியா நிக்கிறார். எனக்குப் புழுதான் விருப்பம். நீங்கள் தீவான்தானே, சொல்லுங்கோ."

அந்த ஈரமண்ணை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போனேன். தேத்தண்ணி ஆறியதுதான் மிச்சம்.

தீவுக்காரன், தீவான் என்ற பட்டம் எனக்கு எவ்வளவு பொருத்தம் என்று நீங்களே சொல்லுங்கள். குறிகட்டுவானில் படகேறினால் நெடுந்தீவு வருமுன் மூன்று தரம் சத்தி எடுக்கிற ஆள் நான். என்னுடைய மீன்பிடியெல்லாம் கரையில் கால் பதித்தபடிதான். அதுவும் குளத்து மீன். எங்கள் ஊரில் குளத்து மீனை ஒரு மீனாகவே மதிக்கமாட்டார்கள். "சேறு மணக்கும், குசினிக்குள்ளை கொண்டு வராதை" என்று அம்மா சொல்லிவிடுவா. முற்றத்தில் மூன்று கல் வைத்துத்தான் சமைப்போம்.

அப்போது எனக்கு ஊர்காவற்றுறையில் முதல் வேலை. சண்டை முடிந்து இரண்டு வருடம் இருக்கும். அக்காவும் அத்தானும் இந்த மருமகனைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு வன்னியிலிருந்து, அகதி முகாமெல்லாம் கடந்து, எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். அத்தான் குளக்கட்டில் பிறந்து வளர்ந்த மனுசன். எங்கள் ஊர் மழைக்குளத்தில் யாரோ கெண்டைக் குஞ்சு விட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்றைக்குத்தான் அவர் முகத்தில் முதல்முதலாகச் சிரிப்பைக் கண்டேன்.

கோடையில் சோளகக் காற்றுப் பிடித்துவிட்டால் குளம் வற்றி நடுவில் ஒடுங்கிவிடும். மீன் முழுக்க அதற்குள்தான். ஞாயிறு விடியவே போய்விடுவோம். அத்தானின் இரை எப்போதும் ஒன்றுதான்: வறுத்த அரிசிமா, இடித்த எள்ளுப் பிண்ணாக்கு, நன்றாகக் கனிந்த கதலிப்பழம். தண்ணீர் விடமாட்டார், பழத்தின் ஈரமே போதும் என்பார். "வெயில் தண்ணியிலை மா கெதியாக் கரையும். இறுக்கமாப் பிசையோணும்" என்று சொல்லி, பாக்களவு உருட்டித் தூண்டிலில் குத்துவார். காலைக்குள் இரண்டு மீன், மூன்று மீன். எனக்கோ அந்த வயதில் பொறுமை என்கிற சாமானே கிடையாது.

புழு போட்டால் உடனே இழுக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் கோடையில் புழுவுக்கு எங்கே போவது? மண்ணெல்லாம் ஓடு மாதிரிக் காய்ந்து கிடக்கும். ஈரம் இருந்தது ஓரிடத்தில் மட்டும். குளத்துக்குப் போகிற வழியில் கனடாவுக்குப் போனவர்களின் பெரிய வீடொன்று பூட்டிக் கிடந்தது. சண்டைக் காலத்தில் அது இராணுவ முகாமாக இருந்து, பிறகு திருப்பிக் கொடுக்கப்பட்டது. அதன் கிணற்றடியில் ஒரு வாழைப்பாத்தி. மூன்று ஞாயிறு அங்கே மண்வெட்டி போட்டேன். பால்மாத் தகரப் பேணி நிறையப் புழு. அத்தான் ஒருநாளும் உள்ளே வரவில்லை. தார் றோட்டிலேயே நிற்பார்.

"உதுக்குள்ளை போகாதேயும்" என்றார் முதல்நாள்.

"மிதிவெடிப் பலகை ஒண்டும் இல்லையே அத்தான்."

"பலகை வைக்கிறதெண்டால் முதலிலை ஆரும் அதைக் கண்டிருக்கோணும்."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மூன்றாவது ஞாயிறு எனக்கு ஏழு மீன், அவருக்கு ஒன்று. வீட்டுக்கு வந்து, அக்காவுக்கு முன்னால் வைத்தே சொன்னேன்: "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அத்தான் மண்ணுக்குப் பயத்திலை மா குழைக்கிறார் அக்கா." வாய்க்கொழுப்பு. அக்கா சிரிக்கவில்லை. அத்தான் கைகழுவ எழுந்து போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு நான் எழும்பியபோது மண்வெட்டியையும் காணவில்லை, அத்தானையும் காணவில்லை.

"உனக்குப் புழு எடுக்கப் போட்டார்" என்றா அக்கா, பிள்ளையை இடுப்பில் வைத்தபடி.

நான் செருப்புப் போடாமலே ஓடினேன். அந்தப் பூட்டிய வீட்டுப் படலைக்குள் கால் வைக்கப் போகையில் அவர் குரல் கேட்டது.

"உள்ளை வராதேயும். அங்கையே நில்லும்."

வாழைப்பாத்தியில் குனிந்தபடி நின்றார். மண்வெட்டி மண்ணுக்குள் இருந்தது, பிடி அவர் கையில். "இரும்பிலை பட்டது" என்றார். உரத்துப் பேசினால் மண் அசையும் என்பது போல மெல்லச் சொன்னார். "ஆரையும் கூட்டிக்கொண்டு வாரும். அக்காட்டைச் சொல்லிப்போடாதேயும்."

பக்கத்து ஊரில் மிதிவெடி எடுக்கிற ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் வந்து சேர ஒரு மணித்தியாலம். பிறகு அவர்களில் ஒருவர் குப்புறப் படுத்துச் சாண் சாணாக மண்ணைக் குத்திப் பார்த்துக்கொண்டு போக இன்னும் இரண்டு. அத்தான் அசையவில்லை. உடுத்திருந்த சாரம் வேர்வையில் தொடையோடு ஒட்டியிருந்தது. நான் றோட்டில் குந்தியிருந்து நல்லூரானைக் கூப்பிட்டேன், தெரிந்த மாதாவையெல்லாம் கூப்பிட்டேன். அந்தக் கைக்குழந்தைக்கு நான் என்ன சொல்வேன் என்பதைத் தவிர வேறெதுவும் ஓடவில்லை.

கடைசியில் படுத்திருந்தவர் மண்ணை விலக்கி எடுத்தது ஒரு துருப்பிடித்த பால்மாப் பேணி மூடி.

நான் சிரித்துவிட்டேன். வாய்விட்டு, கண்ணீர் வரச் சிரித்தேன். மண்ணில் படுத்திருந்தவர் சிரிக்கவில்லை. அத்தானைத் தான் குத்திப் பார்த்து வந்த வழியாலேயே அடிமேல் அடி வைத்துப் போகச் சொல்லிவிட்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, இந்தக் கிடங்கு ஆர் வெட்டினது?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றேன். மூன்றாவது ஞாயிறு புழுவுக்காக நான் தோண்டிய குழி அது.

அதன் விளிம்பிலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்தது மிதிவெடி. அதைச் சுற்றிச் சிவப்புத் தலைத் தடிகள் நட்டார்கள். ஏழு மீன் பிடித்த அன்றைக்கு நான் எங்கே குந்தியிருந்து பீடி பற்றவைத்தேன் என்று எனக்குத் தெரியும். வெயில் உச்சியில் நின்றது.

அத்தான் தார் றோட்டின் நடுவால் நடந்து வந்தார். பின்னேரம் முற்றத்தில் இருந்து மா குழைத்து, அதில் பாதியைப் பிய்த்து என்னிடம் நீட்டினார். "இந்தாரும், இது உம்மடை பங்கு." அவ்வளவுதான்.

அந்த வீடு இப்போது இல்லை. இடித்து மண்டபம் கட்டி, கிணற்றடிவரை கொங்கிறீட் போட்டுவிட்டார்கள். குளத்தை ஆழமாக்கிக் கம்பிவேலி அடித்தாயிற்று, கெண்டை கிடையாது. அத்தான் குடும்பம் ஜேர்மனிக்குப் போய்ப் பத்து வருடத்துக்கு மேல். அன்றைக்குப் பிறகு நான் ஒருவரையும் பயந்தவன் என்று பகிடி பண்ணியதில்லை.

மத்தியானம் மருமகன் திரும்பவும் குரல் அனுப்பினான்.

"என்ன மாமா, பதிலைக் காணேல்லை? அப்பா குளத்தடியிலை புல்லுக்குள்ளையும் இறங்கமாட்டார். சீமெந்துப் பாலத்திலை நிண்டுதான் எறிவார். என்ரை சிநேகிதப் பெடியள் எல்லாம் சிரிக்கிறாங்கள். நானும்தான்."

"மாவே போடு தம்பி. அப்பாவைப் பார்த்துச் சிரிக்காதை" என்று அனுப்பினேன்.

"ஏன் மாமா?"

அத்தான் அன்றைக்கு அப்படி நின்றது அக்காவுக்கு இன்றுவரை தெரியாது. அத்தானுக்குக் கொடுத்த வாக்கை இத்தனை வருடமாக நான் பத்திரமாகக் காத்தது யாருக்காக என்று யோசித்தேன். அது எனக்கு வசதியாகத்தான் இருந்திருக்கிறது. பொத்தானை அழுத்திப் பேசத் தொடங்கினேன்.

"உன்ரை அப்பாவை வெடி புதைஞ்ச மண்ணுக்குள்ளை அனுப்பினது நான்."