டிக்கியில் இருந்த தண்ணீர் கேன்

என் வீட்டுக்காரர் மூக்கன் தாஜ்மகாலுக்கு நாற்பது தடவைக்கு மேல் போனவர். ஒரு தடவைகூட உள்ளே போனதில்லை. அமைச்சக ஆபீசில் டிரைவர். அதிகாரிகளின் விருந்தாளிகளை இறக்கிவிட்டு, வண்டி நிறுத்துகிற இடத்தில் தூங்கி எழுந்து, திரும்ப ஏற்றிக்கொண்டு டெல்லி வந்துவிடுவார். உசிலம்பட்டியை விட்டு வந்து இருபத்தெட்டு வருஷமாக இதே கதை.

போன வருஷம் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன; அன்றிலிருந்து ஆபீசுக்கு லீவு. செவ்வாய், வியாழன், சனி காலையில் டயாலிசிஸ். ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான். காபியும் ரசமும் அதற்குள் அடக்கம். ஹோலியன்று பக்கத்து வீட்டில் கொடுத்த தண்டாய்ப் பாலை ஆசைக்கு மூன்று தம்ளர் குடித்தார். மறுநாள் நீர் நுரையீரலில் ஏறி, மூன்று நாள் ஐசியூவில் கிடந்தார். அன்றிலிருந்து நான் போலீஸ்காரி. பாட்டிலில் பேனாவால் கோடு போட்டேன். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸிலேயே பிரிட்ஜுக்குப் பூட்டுப் போட்ட பொம்பளை நான் ஒருத்திதான். சாவி என் தாலிச் செயினில், ஊக்கில் தொங்கும்.

மே மாதம் அவரே கேட்டார். "ஏ புள்ள, ஞாயிறும் திங்களும் சும்மாதான கெடக்கோம்? ஒருதடவை உள்ள போயிப் பாத்துட்டு வந்துருவமா?"

மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

பானெட்டைத் திறந்து தண்ணீர் பார்க்காமல் அவர் வண்டி எடுத்ததே கிடையாது. எங்கள் பழைய காரின் டிக்கியிலும் ஐந்து லிட்டர் கேன் எப்போதும் நிறைந்திருக்கும். "ரேடியேட்டர் ஹோஸு லேசாக் கசியுது. கேன் இருக்கு, சமாளிச்சுக்கலாம்" என்றார். எனக்கு அந்தக் கேன் வேறு மாதிரி தெரிந்தது. ஐந்து லிட்டர் என்றால் அவருடைய பத்து நாள் தண்ணீர்! கிளம்பும்போது கார் சாவி எடுக்க அவர் வீட்டுக்குள் போன நேரம் பார்த்துக் கேனைத் தூக்கி மாடிப்படிக்கு அடியில் ஒளித்தேன். அந்த இடத்தில் துணிப்பையை வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தாஜ்மகாலுக்குள் போனோம். சமாதிக்குப் பக்கத்தில் நின்று, "இம்புட்டுத்தானா?" என்றார். ஆனால் வெளியே பளிங்குத் தரையில் உட்கார்ந்தவர் ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. அவர் முகத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரவு ஆக்ராவில் தங்கிவிட்டுத் திங்கள் மதியம் திரும்பும் வழியில், கோசி என்ற ஊரைத் தாண்டியதும் என்ஜின் சூட்டு முள் ஏறியது. சட்டென்று ஓரம் கட்டினார். பானெட்டிலிருந்து புகை.

"ஏ புள்ள, கேனை எடு."

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றேன். "கேன் வீட்ல இருக்குங்க."

"நான் வச்சேனே?"

"நான்தான் எடுத்துட்டேன்."

என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்ததே என்று மனசுக்குள் அடித்துக்கொண்டேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர் ஆஸ்பத்திரியில் இருந்தாக வேண்டும். அதைத் தவறவிட்டால் வியாழன்வரை அந்த உடம்பு தாங்காது.

கொஞ்ச தூரத்தில் ஒரு தாபா, அதன் வாசலில் அடிபம்பு. வாளி ஒன்று இரவல் வாங்கினேன். ஊசி குத்துகிற இடது கையால் அவர் கனம் தூக்கக் கூடாது; நான் அடிக்க, வலது கையால் அவர் பாதி வாளி பாதி வாளியாகக் கொண்டுபோனார். என்ஜின் ஆறும்வரை காத்திருந்து ஊற்றினார். வண்டி மடக் மடக்கென்று குடித்தது. அவர் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தேன்.

வழிக்குத் தண்ணீர் பிடிக்கக் காலி பாட்டில்கள் கேட்டு உள்ளே போனேன். திரும்பி வந்தால், கையைக் குவித்து வாயருகே வைத்திருக்கிறார். தாடையில் தண்ணீர் வழிகிறது.

"குடிச்சீங்கள்ல? நெசத்தச் சொல்லுங்க!" என்று கத்திவிட்டேன்.

"வாய்தான் கொப்பளிச்சேன் புள்ள. துப்பிட்டேன்."

"மாட்டிக்கிட்டா எல்லாரும் இதத்தான் சொல்லுவாங்க!"

தாபாவே திரும்பிப் பார்த்தது. "அரே பாபிஜி, பானிதானே" என்றான் தாபாக்காரன். வெறும் தண்ணீர்தானாம்; அவனுக்கு என்ன தெரியும்? இவர் வாளியை அவனிடம் கொடுத்துவிட்டு வண்டியில் போய் உட்கார்ந்தார்.

ஹோடல் என்ற ஊரில் மெக்கானிக் ஒருவர் ஹோஸில் டேப் சுற்றிக் கொடுத்தார். அப்படியும் கசிந்தது. நிறுத்தி நிறுத்தி ஊற்றிக்கொண்டே வந்தோம். மனுஷனுக்கு அரை லிட்டர், வண்டிக்கு இருபது லிட்டர்.

மறுநாள் ஆட்டோவில் ஆஸ்பத்திரி போனோம். டயாலிசிஸுக்கு முன்னால் எடை பார்ப்பார்கள். ஏறியிருக்கிற எடை அத்தனையும் குடித்த தண்ணீர்தான். செவ்வாய்க்கிழமைகளில் மூன்று கிலோவுக்குக் குறையாமல் ஏறியிருக்கும். அன்று நானும் எடை மிஷினுக்குப் பக்கத்தில் போய் நின்று எண்ணைப் பார்த்தேன்.

ஒன்றரை கிலோ.

"கமால் கர் தியா, அங்கிள்ஜி!" என்று மெச்சினாள் மிஷின் பார்க்கும் பெண். எனக்குக் கண் பொங்கிவிட்டது. ஊர் பார்க்க அவமானப்படுத்தினேனே!

ஊசி ஏற்றிய பிறகு பக்கத்தில் உட்கார்ந்தேன். "மன்னிச்சிருங்க."

"நீ பயந்துகிட்டேதான் வருவேன்னு எனக்குத் தெரியும்" என்றார். "அதான் ரெண்டு நாளும் நீ போட்ட கோட்டுக்குக் கீழயே நிறுத்திக்கிட்டேன்."

மிஷின் ஓடுகிற நான்கு மணி நேரத்தில் வீட்டுக்கு ஓடினேன். படிக்கு அடியிலிருந்த கேனைத் தண்ணீர் மாற்றி நிறைத்து, டிக்கியில் பழைய இடத்திலேயே வைத்தேன். அவரைக் கூட்டி வந்ததும் திறந்து காட்டினேன்.

"இதுக்குப் பூட்டுப் போடலையா?" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. செயினிலிருந்து பிரிட்ஜ் சாவியைக் கழற்றி அவர் கையில் வைத்தேன். அவர் என் உள்ளங்கையை விரித்துத் திரும்ப வைத்து மூடினார்.

"ரெண்டு நாளுன்னா தாக்குப் பிடிச்சிருவேன் பவுனு. ஆயுசு முழுக்கன்னா என்னால முடியாது. நீயே வச்சுக்க."