சும்மா நிற்கிற வேலை

"கையக் கட்டிக்கிட்டு நிக்கிறதுக்கு எனக்கு எதுக்குய்யா சம்பளம்? அதுக்கு ஒரு தூண நட்டு வச்சா போதாதா?"

எங்கள் ஆம்புலன்ஸ் நிலையத்தில் இதைக் கேட்காத சுவர் கிடையாது. வண்டி கழுவும்போது ஒரு தடவை, ஆக்சிஜன் சிலிண்டரைச் சரிபார்க்கும்போது ஒரு தடவை, டீ வந்தால் ஒரு தடவை, வராவிட்டால் இரண்டு தடவை. எங்கள் குழுவில் மூத்தவரான அண்ணன் அதைச் சொல்கிற விதமே தனி. மூக்கால் தொடங்குவார். 'சம்பளம்' என்னும்போது குரல் கூரைக்கு ஏறிவிடும். 'தூண்' வந்ததும் தொப்பென்று தரையில் விழும். அவர் வாயைத் திறந்தாலே போதும், மீதியை நாங்கள் கோரஸாக முடித்துவிடுவோம்.

நிலையத்தில் அவருக்குப் பெயர் பம்பரம். உட்கார்ந்தால் கால் ஆடும், காலைப் பிடித்தால் விரல் தாளம் போடும். "இவன தொட்டில்ல போட்டா, அவன் தூங்கமாட்டான், தொட்டில்தான் களைச்சுப் போகும்" என்று அவர் அம்மாவே சொல்வாராம். பார்சல் வண்டியில் மூட்டை இறக்கியிருக்கிறார், லிஃப்ட் பழுது பார்த்திருக்கிறார், எதிலும் தரிக்கவில்லை. கடைசியில் ஆம்புலன்சில் ஏறினார். அங்கேதான் அந்தக் கைகளுக்குச் சரியான தீனி கிடைத்தது. ஒருமுறை காய்ச்சல்காரர் ஒருவரை அழைத்துவரப் போனோம். நாங்கள் நாடி பார்த்து நிமிர்வதற்குள் இவர் அந்த வீட்டுச் சமையலறையில் சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கிவிட்டார். அந்த வீட்டம்மா, "அப்படியே அந்த ஃபேனையும் ஒரு பார்வை பாத்துடுங்க தம்பி" என்றார். பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏறினார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு இடுப்பில் முதுகெலும்புத் தட்டு விலகியது. இனிமேல் ஆளைத் தூக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். தூக்கக் கூடாதவருக்கு ஆம்புலன்சில் ஒரே ஓர் இடம்தான் உண்டு, குழுத்தலைவர் இடம். அதுவும் சும்மா கிடைக்காது. நிர்வாகத்திலிருந்து மேற்பார்வையாளர் வந்து, கூடவே வண்டியில் ஏறிப் பார்த்து, சரி என்று சொல்ல வேண்டும். சரியில்லை என்றால் அழைப்பு மையத்தில் ஒரு நாற்காலி. காதில் ஒரு கருவி, முன்னால் ஒரு திரை, காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருக்கலாம்.

அண்ணன் போய் அந்த நாற்காலியைப் பார்த்துவிட்டு வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"எப்படிண்ணே இருக்கு?"

"சக்கரம் வச்ச ஜெயிலுடா."

எங்கள் வண்டியில் மூன்று பேர். ஓட்டுநர், அண்ணனின் மனைவிக்குத் தம்பி. வேலையில் சரியாக இருந்தால் அண்ணன் அவரை 'டிரைவர்' என்பார், சொதப்பினால் 'மச்சான்' என்பார். நான் உதவியாளன். மூன்றாவது ஆள் தலைவர். தலைவரின் வேலையைக் கேட்டால் உங்களுக்கும் சிரிப்பு வரும். ஆள் உயிருக்கு இழுத்துக்கொண்டிருக்கும்போது தலைவர் எதையும் தொடக் கூடாது. நாலு அடி தள்ளி நின்று, மொத்தத்தையும் பார்த்து, யார் எதைச் செய்ய வேண்டும் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

மேற்பார்வையாளர் முன்பு நர்ஸாக இருந்தவர். பேச்சில் ஏற்ற இறக்கமே இருக்காது. பேருந்து நிலையத்து எடை மெஷின் எடை சொல்வதுபோல் இருக்கும். முதல் நாள் வண்டியில் ஏறியதும் ஒரே ஒரு வரி சொன்னார்: "கை வச்சா கண்ணு போயிடும். அத மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க."

"சரிங்க மேடம்" என்றார் அண்ணன். சொல்லும்போதே அவர் கை மேடத்தின் சீட் பெல்ட்டைச் சரிசெய்துகொண்டிருந்தது.

அன்றைக்கு வந்த முதல் அழைப்பு, நாலாவது மாடி, லிஃப்ட் இல்லை, மயங்கி விழுந்த ஒரு பெரியவர். அண்ணன் இரண்டு நிமிடம் தூணாக நின்று பார்த்தார். மூன்றாவது நிமிடம் தூண் நடந்து வந்து ஸ்ட்ரெச்சரின் தலைப்பக்கத்தைப் பிடித்துவிட்டது. இடுப்பு வலியை மறந்தார், மேடத்தை மறந்தார். ஒரு குலுக்கல் இல்லாமல் இறக்கினோம். தண்ணீர் நிரம்பிய குடத்தை இறக்குவதுபோல் இறக்கினோம். எங்களுக்கே பெருமையாக இருந்தது.

மருத்துவமனையில் நர்ஸ் கேட்டார்: "இவரு என்ன மாத்திரை சாப்பிடறாரு? கூட யாரு வந்திருக்கா?"

ஓட்டுநர் என்னைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் கதவைப் பார்த்தார். மாத்திரைப் பையை எடுத்துக்கொண்டு வீட்டைப் பூட்டிவிட்டு வருகிறேன் என்று உள்ளே போன பெரியவரின் மனைவியை, நாங்கள் வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருந்தோம்.

கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாள் யாரோ ஒருவருடைய வண்டியின் பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கினார். ஒரு காலில் செருப்பு, கையில் மாத்திரைப் பை, வாயில் நெருப்பு. "என் வீட்டுக்காரர அள்ளிக்கிட்டு வந்தீங்க, நல்லா இருங்க. நான் என்ன, குப்பைக்காரன் எடுத்துக்குவான்னு வாசல்ல வச்சுட்டு வந்தீங்களா?"

நல்லவேளை, பெரியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. மேடம் எங்களைத் தனியாகக் கூப்பிட்டார். எடை மெஷின் பேசியது: "ஆறு கை இருந்துச்சு. கண்ணு ஒண்ணாவது இருந்துச்சா?" பிறகு அண்ணனிடம் திரும்பி, "இன்னொரு தடவ வருவேன். அதுக்கப்புறம் எங்கிட்ட ஒண்ணும் இல்ல, நாற்காலிதான்" என்றார்.

அதற்குப் பிறகு அண்ணனைப் பார்க்கச் சகிக்கவில்லை. கையைச் சட்டைப் பைக்குள் விட்டுப் பார்த்தார், பை கிழிந்தது. முதுகுக்குப் பின்னால் கட்டிப் பார்த்தார், தானாக அவிழ்ந்து வந்து யார் சட்டைப் பொத்தானையோ போட்டுவிட்டது. வேலை நேரம் பூராவும் நிலையத்து வாசலுக்கும் வண்டிக்கும் நடை. "நிக்கிற வேலைக்கு இவ்வளவு தூரம் நடக்கிற ஒரே மனுசன் எங்க மாமாதான்" என்றார் ஓட்டுநர்.

கடைசியில் வைத்தியம் வீட்டில் நடந்தது. மறுநாள் அதை ஓட்டுநர் எங்களுக்கு நடித்தே காட்டினார். அவருடைய அக்காவுக்கு, அதாவது அண்ணனின் மனைவிக்கு, பீரோவை இந்த அறையிலிருந்து அந்த அறைக்கு மாற்ற வேண்டும். அண்ணன் எழுந்தார்.

"உக்காருங்க" என்றார் மனைவி. "நானும் உங்க பொண்ணும் நகத்திக்குவோம். நீங்க பாருங்க."

"நீங்க ரெண்டு பேரா? கதவ இடிப்பீங்க."

"இடிக்காம இருக்க என்ன பண்ணணும்னு வாயால சொல்லுங்க. கை வந்துச்சு, இன்னிக்கு சோறு கிடையாது."

மகள் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம். பீரோ முனகிக்கொண்டு நகர்ந்தது. அண்ணன் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து, முள்ளின்மேல் உட்கார்ந்தவர்போல் நெளிந்தார். "தள்ளு, தள்ளு, ஐயோ அந்தப் பக்கம், இல்ல இந்தப் பக்கம்!"

"அப்பா, எந்தப் பக்கம்னு ஒண்ணு சொல்லு, இல்ல சும்மா இரு. ரெண்டையும் சேத்துப் பண்ணாத!" என்றாள் மகள்.

மனிதர் வாயை மூடினார். வாயும் மூடி, கையும் கட்டிப்போன பிறகு, மிச்சம் இருந்தது கண் மட்டும்தான். பீரோவின் முன்காலுக்கு அடியில் பாய் சுருண்டு கொண்டிருப்பது அப்போதுதான் தெரிந்தது. தள்ளுகிறவர்கள் இரண்டு பேருக்கும் அது தெரிய வழியில்லை. இன்னொரு தள்ளு தள்ளினால் பீரோ மகள்மேல் சாயும்.

"நில்லுங்க" என்றார், சத்தம் போடாமல். "பாய் சுருண்டிருக்கு. உருவிட்டு தள்ளுங்க."

உருவினார்கள், தள்ளினார்கள், பீரோ போய்ச் சேர்ந்தது. மனைவி முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கல்யாணம் ஆனதுலேருந்து இன்னிக்குத்தான் எனக்கு ஒத்தாசை பண்ணியிருக்கீங்க" என்றாராம்.

மேடம் மறுபடி வந்த நாள் காலையிலேயே அண்ணன் ஒரு முடிவோடு வந்தார். இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய் இடுப்பு பெல்ட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். டீ குடிக்கக்கூடப் பெல்ட்டை விடவில்லை. ஓட்டுநர்தான் டம்ளரை வாயருகே பிடித்தார்.

முற்பகலில் அழைப்பு வந்தது. பெரிய சலவைக்கூடம் ஒன்றில் இஸ்திரி போடுகிறவர் சுருண்டு விழுந்துவிட்டார். போய்ப் பார்த்தால் மூச்சும் இல்லை, நாடியும் இல்லை. நாலு பக்கமும் மெஷின்கள் உறுமிக்கொண்டிருந்தன. தலைக்கு மேல் வரிசை வரிசையாக ஈரப் போர்வைகள், தரையெல்லாம் துணிக் குவியல்.

"டிரைவர், நெஞ்ச அழுத்து. நீ மூச்சுப் பைய புடி" என்றார் என்னிடம். வேலைக்காரர் ஒருவரைத் தாடையால் சுட்டி, "அண்ணே, மெஷின் எல்லாத்தையும் அணைங்க" என்றார். பெல்ட்டைப் பிடித்தபடி நாலு அடி பின்னால் போய் நின்றார். அவருக்குப் பக்கத்தில் மேடம்.

ஓட்டுநர் அழுத்தினார். நான் மூச்சுப் பையை அமுக்கினேன். எங்கள் இரண்டு பேருக்கும் அந்த நெஞ்சையும் அந்த வாயையும் தவிர உலகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"அழுத்தம் குறையுது. ஆள மாத்து."

"முடியும் மாமா!" என்றார் ஓட்டுநர் மூச்சிரைக்க.

"களைச்சவனுக்கு தான் களைச்சது தெரியாதுடா மச்சான். மாத்து!"

மாற்றிக்கொண்டோம். அண்ணனின் முழங்கால் மடங்குவதும் நிமிர்வதும் கடைக்கண்ணில் தெரிந்தது. பாய்ந்து வந்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது. வரவில்லை. இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் ஷாக் மெஷினின் ஒட்டுப் பட்டைகளை நெஞ்சில் ஒட்டினோம். அது தனக்கே உரிய தூக்கக் குரலில், "நோயாளியை யாரும் தொட வேண்டாம்" என்றது. ஓட்டுநர் கையைத் தூக்கினார். நானும் தூக்கினேன். என் விரல் பொத்தானுக்குப் போனது.

"நிறுத்து!"

விரல் அந்தரத்தில் நின்றது.

"டிரைவர், உன் இடப்பக்கம், துணிக் குவியலுக்கு அடியில பாரு. ஒரு கை இருக்கு."

துணியை விலக்கினால், விழுந்தவரின் தம்பி. இஸ்திரி மேசைக்கு அடியில் சுருண்டு படுத்து, தன் அண்ணனின் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். பொத்தானை அழுத்தியிருந்தால் அந்த அதிர்ச்சியில் அவருக்கும் பங்கு கிடைத்திருக்கும்.

இப்போதுதான் எங்கள் அண்ணன் ஓடிப்போய் அந்தக் கையைப் பிடுங்கி எறிவார் என்று நினைத்தேன். ஓர் அடி வைத்தார். நின்றார். நின்ற இடத்திலிருந்தே, யாரையோ தூங்க வைப்பதுபோல் சொன்னார்: "தம்பி, கால விடுப்பா. உங்க அண்ணன நாங்க விடமாட்டோம்."

கை விட்டது. "இப்ப அமுக்கு" என்றார் என்னிடம்.

அமுக்கினேன். மறுபடி அழுத்தினோம், மாற்றினோம், அழுத்தினோம். ஓட்டுநர் கழுத்தில் விரலை வைத்துக் கண்ணை மூடினார். திறந்தபோது கண் கலங்கியிருந்தது. "மாமா, நாடி அடிக்குது!"

"சந்தோஷத்த வண்டியில வச்சுக்கலாம். சலவைக்கார அண்ணே, நாலு பேரு வந்து தூக்குங்க. தம்பி, நீ முன் சீட்டுல ஏறு. அண்ணனோட மாத்திரை ஏதாவது இருந்தா எடுத்துக்க. யாரையும் வாசல்ல விட்டுட்டுப் போறதா இல்ல."

மருத்துவமனையில் ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தோம். அவர் மூச்சு விடுகிறார், பிழைத்துக்கொள்வார்போல் இருக்கிறது என்று உள்ளிருந்து சொல்லியனுப்பினார்கள். அண்ணன் மட்டும் வண்டியோரமாக ஒரு மாதிரி நின்றார். இரண்டு கையும் இன்னும் இடுப்பில்.

"மாமா, இனிமே கைய விடலாம், எல்லாம் முடிஞ்சுது" என்றார் ஓட்டுநர்.

"விட்டா மானம் போயிடும்டா. பக்கிள் பிச்சுக்கிச்சு."

உண்மைதான். பிடித்த பிடியில் பெல்ட்டின் பக்கிள் உடைந்து, கையில்தான் பேண்ட் நின்றுகொண்டிருந்தது. எங்களால் சிரிப்பை அடக்க முடியவில்லை. எடை மெஷினே ஒரு கணம் தடுமாறி, முதல்முறையாக ஏற்ற இறக்கத்தோடு பேசியது: "தேறிட்டீங்க. நாற்காலிய வேற ஆளுக்குக் குடுத்துடறேன். இனிமே உங்களுக்குக் கையக் கட்டிக்கிட்டு நிக்கிறதுக்குத்தான் சம்பளம்."

அண்ணன் பேண்டை ஒரு இழுப்பு இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னார்:

"அந்தச் சம்பளம் பத்தாது மேடம். மாடி மாடியா ஆளத் தூக்குன காலத்துல கூட வீட்டுக்குப் போனா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவேன், இன்னிக்கு ஒரு துரும்பக்கூட தூக்கல, உச்சந்தலையிலேருந்து உள்ளங்கால் வரைக்கும் வலிக்குது. சும்மா நிக்கிறதுக்குன்னு தனியா ஒரு படி போட்டுக் குடுங்க, அதுக்கு முன்னாடி இந்தப் பசங்ககிட்ட சொல்லி ஒரு கயிறு வாங்கிக் குடுங்க!"