இரண்டு பட்டியலிலும் இல்லாதவர்

லப்பைக்குடிக்காட்டைத் தாண்டி அரை கிலோமீட்டர் நடந்திருப்பேன். கையில் ஒரு துணிப்பை. அரியலூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஆபீஸில் யாரிடமும் சொல்லவில்லை. எட்டாவதோடு நின்றவனுக்கு வேலையை விட்டு நடப்பது புதிதா என்ன? ஹோட்டல், லாரி, செங்கல் சூளை... எல்லாவற்றையும் அப்படி விட்டவன்தான்.

பின்னால் ஒரு மொபெட் நின்றது. கனி பாய். யார் முகத்தில் விழிக்க முடியாமல் கிளம்பினேனோ, அவரே.

"பஸ் ஸ்டாப்புக்கா தம்பி? ஏறுங்க."

ஏறினேன். பின்னால் உட்கார்ந்ததில் அவர் முகம் தெரியவில்லை. அந்தத் தைரியத்தில் செய்த தப்பைச் சொல்லிவிட்டேன்.

நான் இருந்தது வளைகுடாவுக்கு ஆள் அனுப்பும் ஆபீஸ். மெடிக்கல் டெஸ்ட்டுக்குத் தேதி வந்தால், பேரைக் காத்திருப்போர் பட்டியலிலிருந்து நீக்கி, போவோர் பட்டியலில் சேர்க்க வேண்டும். அதைத் தானாகச் செய்ய டேட்டாபேஸுக்குள் ஒரு புரொசீஜர், அதாவது சின்ன நிரல், எழுதியிருந்தேன் — கம்ப்யூட்டர் சென்டரில் கூட்டிப் பெருக்கியபோது பார்த்துக் கற்றது. இரண்டு வேலையும் முடிந்தால்தான் 'கமிட்', அதாவது செய்தது உறுதி. ஒன்று தவறினாலும் 'ரோல்பேக்', எல்லாம் பழையபடி. அப்படித்தான் எழுத வேண்டும்.

நான் எழுதவில்லை. திரையில் எரர் வந்தால் முதலாளி சத்தம் போடுவார். அதனால் எரரைக் காட்டாமல் கமிட் ஆகும்படி செய்துவைத்தேன். நல்ல பேர் கிடைத்தது.

செய்யது முகமது இப்ராஹிம் கனி என்ற பேர், போவோர் பட்டியலில் பேருக்கு நான் விட்டிருந்த இடத்தில் அடங்கவில்லை. முதல் பட்டியலில் அழிந்தது, அடுத்ததில் ஏறவில்லை. கூட விண்ணப்பித்தவர்கள் விமானம் ஏறிவிட்டார்கள். இவர் மட்டும் வாராவாரம் வந்து, "பேரு வந்துச்சா தம்பி?" என்பார். அன்று காலைதான் காரணத்தைக் கண்டுபிடித்தேன்.

மொபெட் நின்றது. அடி விழும் என்று நினைத்தேன்.

"அப்ப... என்னைய கழிச்சுடலையா? சின்ன வயசுல டிபி வந்துச்சு. அதைத் தெரிஞ்சுகிட்டாங்கன்னுல்ல நெனச்சேன்."

"இல்ல பாய். என் தப்புதான்."

"வூட்ல அதையே நெனச்சு அழுதுகிட்டுக் கெடக்கா." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்க அத்தா வச்ச பேரு தம்பி. வெட்டிப்புடாதீங்க. எடத்தைப் பெருசாக்குங்க."

வண்டியைத் திருப்பினார். "அரியலூர் பஸ் நாளைக்கும் வரும்."

தவறு எல்லாரும் செய்வதுதான். அது வாய் திறக்கும்போது பொத்திவிடுகிறோமே... அதில்தான் ஒரு மனுஷன் காணாமல் போகிறார்.

ஆபீஸுக்குத் திரும்பி, முதலாளியிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். இடத்தைப் பெரிதாக்கி, கனி பாயை அடுத்த பட்டியலில் ஏற்றினேன். அதுவரை பொறுத்திருந்த முதலாளி பிறகு சொன்னார்: "இனிமே கம்ப்யூட்டரைத் தொடாத. பழைய விண்ணப்பம் பூரா எடு. ஒவ்வொரு பேரா வாய்விட்டுப் படி. யார் யாரு விட்டுப்போயிருக்காங்கன்னு பாத்துடுவோம்."

மறுநாள் காலை அந்த வேலையில் சேர்ந்தேன். இன்னும் நான்கு பேர் கிடைத்தார்கள். எல்லாமே நீளமான பேர்கள் — ஒன்றையும் சுருக்காமல் படித்தேன்.