கை முறுக்கில் விட்ட டாப்பு

வெள்ளைப் பட்டுச் சேலையில் சிவப்பாக ஒழுகியதை நான் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். முதலில் ரத்தம் என்றுதான் நினைத்தேன். யாருக்கு எங்கே அடிபட்டது என்று புரியாமல், ஸ்டியரிங்கை விட்டுவிட்டு அந்தக் கல்யாணப் பெண்ணின் தலையைத் தொட்டுப் பார்த்தேன். என் விரலெல்லாம் சிவப்பு.

எழுபதுகளில் நான் போடியில் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தேன். சொந்த வண்டி. காலையில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆட்களை மலையேற்றிவிட்டு, சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருவதுதான் பிழைப்பு. ஸ்டாண்டில் மற்ற வண்டிகளுக்கெல்லாம் படுதாக் கூரை. என் வண்டிக்கு மட்டும் தகர டாப்பு. கழற்றி மாட்டுகிற மாதிரி இரண்டு பலகையாக இருக்கும். முன்பலகை டிரைவர் தலைக்கு மேலே, பின்பலகை ஆட்கள் தலைக்கு மேலே. இரண்டும் சேருகிற இடம் ஒரு சிறு பள்ளமாக இருக்கும். அங்கே தண்ணீர் இறங்காமலிருக்கப் பீடிங் என்கிற ரப்பர் பட்டை கொடுத்துப் பன்னிரண்டு போல்ட்டு போட்டு இறுக்க வேண்டும். மழைக்காலத்தில் மற்ற வண்டிக்காரர்கள் படுதாவை இழுத்துக் கட்டிக்கொண்டு அல்லாடும்போது, நான் காலை நீட்டி உட்கார்ந்து பீடி குடிப்பேன். அந்த டாப்பால் எனக்குக் கொஞ்சம் திமிரே ஏறியிருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன்.

வருஷா வருஷம் ஆயுத பூசைக்கு முன்னால் பலகைகளைக் கழற்றிக் கழுவிப் பெயிண்ட் அடிப்பேன். அந்த வருஷம் பீடிங் காய்ந்து வறட்டியாகிவிட்டதால் தேனிக்குப் போய்ப் புதிது வாங்கி வந்தேன். அதை மாட்டுவதில் ஒரு பக்குவம் உண்டு. பழைய பசையைச் சுரண்டி எடுத்துப் பெட்ரோல் துணியால் துடைக்க வேண்டும். புது ரப்பரைச் சொல்யூஷன் தடவி ஒட்டி, பலகையை மேலே வைத்து, எல்லாப் போல்ட்டையும் முதலில் ஸ்பானர் போடாமல் கை முறுக்கில்தான் விட வேண்டும். ஒரு ராத்திரி அப்படியே கிடந்தால் ரப்பர் தன் இடத்தில் படிந்துகொள்ளும். மறுநாள் காலையில் இந்த மூலையில் ஒன்று, எதிர் மூலையில் ஒன்று என்று கொஞ்சம் கொஞ்சமாக ஸ்பானர் போட்டு இறுக்க வேண்டும். ஒரே பக்கமாக இறுக்கிக்கொண்டு போனால் மறுபக்கம் வாயைப் பிளக்கும். கடைசியில் மேலே இரண்டு குடம் தண்ணீரை ஊற்றிப் பார்க்க வேண்டும். அப்போது வண்டிக்குள் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்து, "இங்கன சொட்டுது, அங்கன சொட்டுது" என்று கத்துவது என் மனைவியின் வேலை.

பூசைக்கு முந்தின நாள் பெயிண்ட் காய்ந்து, பலகையை ஏற்றிக் கை முறுக்கில் விடும்போது பொழுது சாய்ந்துவிட்டது. ஸ்பானர், சுத்தியல், ஜாக்கி எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, சாமி படத்துக்கு முன்னால் ஒரு மணையில் நானே வரிசையாக வைத்தேன். விடியற்காலையில் எழுந்து போல்ட்டை இறுக்கிவிட்டு, திரும்ப ஸ்பானரை வைத்துவிடலாம் என்று கணக்கு.

எழுந்தபோது ஏழு மணி. மணையில் இருந்த ஒவ்வொரு ஸ்பானருக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாயிற்று. பொரிகடலை படைத்தாயிற்று. எங்கள் வீட்டில், பொட்டு வைத்துவிட்டால் ஆயுதம் சாமிக்குச் சொந்தம். மறுநாள் மறுபூசை போட்டுத்தான் கையில் எடுப்போம். அதுவரை ஓர் ஆணியைக்கூடத் தொடுவதில்லை. வண்டியை மட்டும் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி ஒரு சுற்று ஓட்டலாம்.

"என்னைய எழுப்பக் கூடாதா?" என்று என் மனைவி மேல் பாய்ந்தேன்.

"ரெண்டு தடவ எழுப்புனேன். சும்மா கெடன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்தீக."

சொல்லியிருப்பேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. கோபத்தை வண்டி ஜோடனையில் காட்டினேன். புதுப் பெயிண்ட் பாலேடு மாதிரி பளபளவென்று இருந்தது. அதில் முன்கண்ணாடிக்கு மேலேயும், பலகை சேருகிற பள்ளம் நெடுகவும், கையகலத்துக்கு ஒன்றாகச் சந்தனம் அப்பி அதன் மேல் குங்குமத்தைக் குவித்து வைத்தேன். தெருவே நின்று பார்த்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

எட்டு மணி வாக்கில், கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த அண்ணாச்சி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். எங்கள் ஜீப் ஸ்டாண்டு அவர் கடைக்கு எதிரேதான். அவர் கடைப் பானைத் தண்ணீரைக் குடித்துத்தான் நாங்கள் எல்லாக் கோடையையும் கழித்தோம். அரசு விடுமுறை, சொந்தபந்தமெல்லாம் வர வசதி என்று, தன் ஒரே மகளின் கல்யாணத்தைத் தேனிக் கோயிலில் அன்றைக்கு வைத்திருந்தார்.

"தம்பி, பொண்ணுக்குப் பேசுன காரு தேனியிலயே படுத்திருச்சாம். இன்னைக்கு எந்த ஒர்க்‌ஷாப்புலயும் ஸ்பானரத் தொட மாட்டேங்கிறாகளாம். பத்து மணிக்குக் கல்யாணம். ஒன்ன நம்பி வந்துட்டேன்."

"இதுக்குப் போயி ஓடி வரணுமா அண்ணாச்சி? ஆள் விட்டா வந்திருக்க மாட்டேனா?" என்றேன்.

அவர் போன பிறகு மனைவி மெதுவாகச் சொன்னாள். "மேல போல்ட்டு இன்னும் இறுக்கலயே. ஒரு ஸ்பானர எடுத்து இறுக்கிட்டுப் போங்க. சாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"வருசம் பூரா சோறு போடுற ஆயுதம். இன்னைக்கு ஒரு நாளு அதச் சும்மா விடக் கூடாதா? நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு பேசுற!"

"மழை வந்தா?"

"வானத்தப் பாரு. தொடச்சு வச்ச கும்பா மாதிரி இருக்கு."

அவள் உள்ளே போனாள். நான் சட்டை மாற்றிக்கொண்டு வரும்போது, டிரைவர் பக்கம் குனிந்து என்னவோ செய்துகொண்டிருந்தாள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கிறாள் என்று நினைத்தேன்.

அண்ணாச்சி வீட்டு வாசலில் கல்யாணப் பெண் வெள்ளைப் பட்டில், தலையில் வலைத்துணி போட்டு, கையில் பூச்செண்டோடு வந்து நின்றாள். சேலையில் சன்னமான வெள்ளிச் சரிகை. அண்ணாச்சி மதுரையில் ஒரு நாள் முழுக்க அலைந்து தன் கையால் எடுத்தது. ஊருக்கே சேலை விற்கிறவர், மகளுக்கு மட்டும் தன் கடைச் சரக்கு போதாது என்று போனாராம். ஒருவேளை தூறல் போட்டால் பின்பக்கம்தான் ஒழுகும் என்று நானாக ஒரு கணக்குப் போட்டு, "தாயி, நீ முன்னாடி உக்காரு, இங்கனதான் பத்திரம்" என்று அவளை என் பக்கத்தில் உட்கார வைத்தேன். ஓரத்தில் அவளுடைய அத்தை. அண்ணாச்சியும் மற்றவர்களும் பின்னால்.

கோடாங்கிபட்டி தாண்டியதும் மேற்கே மலைப்பக்கமிருந்து மழை துரத்திக்கொண்டு வந்தது. தூறல் இல்லை, சரியான மழை. அண்ணாந்து அண்ணாந்து பார்த்தேன். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. ஓடுகிற வேகத்தில் காற்று தண்ணீரைப் பின்னால் தள்ளிப் பள்ளத்தில் நிறுத்திக்கொண்டிருக்கிறது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா?

"பாத்தீகளா அண்ணாச்சி? படுதா வண்டியா இருந்தா இந்நேரம் எல்லாரும் குளிச்சிருப்பீக."

தேனிக்கு முன்னால் ரயில் கேட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பிரேக்கை மிதித்தேன்.

பள்ளத்தில் தேங்கியிருந்த தண்ணீர் அத்தனையும் முன்னால் பாய்ந்து, இறுக்காத பலகையைத் தூக்கிக்கொண்டு உள்ளே கொட்டியது. நான் குவித்து வைத்த குங்குமம் பூராவும் அதில் கரைந்திருந்தது. பெண்ணின் வலைத்துணியில், தோளில், மடியில், பூச்செண்டில் என்று சிவப்புச் சிவப்பாக இறங்கியது. அத்தை அலறிய அலறலில் கேட் பக்கம் நின்ற ஆட்கள் ஓடி வந்துவிட்டார்கள். நான் அவள் தலையில் காயத்தைத் தேடினேன். சந்தன வாசம் வந்த பிறகுதான் என்ன நடந்தது என்று எனக்குத் தெரிந்தது. இதற்கு ரத்தமாகவே இருந்திருந்தால் தேவலை என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அப்படி ஒரு கேவலமான நினைப்பு வந்ததற்காக இன்றைக்கும் என்னைத் திட்டிக்கொள்கிறேன்.

பின்னாலிருந்து அண்ணாச்சி துண்டை நீட்டினார்.

கீழே குதித்து, கையாலேயே நட்டைத் திருகிப் பார்த்தேன். ஈரத்தில் வழுக்கியது. கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு சைக்கிள் கடை, மாலை போட்டுத் திறந்து கிடந்தது. ஓடிப்போய், "அண்ணே, ஒரு ஸ்பானர் குடுங்க, இந்தா குடுத்துருறேன்" என்றேன்.

"எல்லாம் பூசைல இருக்குப்பா. வருசம் பூரா சோறு போடுற ஆயுதம், இன்னைக்கு ஒரு நாளு அதச் சும்மா விடக் கூடாதா?"

என் வாயில் வந்த அதே பேச்சு. எனக்கு அந்த ஆளை அடித்துவிடலாம் போல இருந்தது. ஒரு பெண்ணின் கல்யாணச் சேலை நாசமாய்ப் போய்க்கொண்டிருக்கும்போது இவனுக்குச் சம்பிரதாயம் என்ன வேண்டிக்கிடக்கிறது என்று கொதித்தேன். வண்டிக்குத் திரும்பி வரும் பத்தடிக்குள் அந்தக் கொதிப்பு என் பக்கமே திரும்பிவிட்டது.

ரயில் போய்க் கேட் திறக்கிற வரைக்கும் அண்ணாச்சி துண்டைப் பள்ளத்தில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். பெண் அழவில்லை. மடியில் விரிந்துகொண்டே போகிற சிவப்பைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

"இது போகுமாண்ணே?"

"போயிரும் தாயி" என்றேன். பட்டில் குங்குமம் இறங்கினால் போகாது என்று எனக்கும் தெரியும், ஜவுளிக்கடைக்காரர் மகளுக்கும் தெரியும்.

"சாமிக்கு வச்ச பொட்டுதான. நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றாள்.

கோயில் வாசலில் இறங்கியபோது மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வாயில் கை வைத்துக்கொண்டார்கள். யாரோ "என்ன சகுனம் இது" என்றது என் காதில் தெளிவாக விழுந்தது. போதகரின் மனைவி ஓடி வந்து பெண்ணைத் தன் வீட்டுக்குள் கூட்டிப் போனார். கால் மணி நேரம் கழித்து அவள் அந்த அம்மாவின் பழைய வெள்ளைப் பருத்திச் சேலையில் வெளியே வந்தாள். ஓரத்தில் நீலக் கரை போட்ட சேலை. உயரம் பத்தாமல் கணுக்கால் தெரிந்தது. அண்ணாச்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், உள்ளே நடந்தார்.

நான் வெளியில் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். சீட்டெல்லாம் சிவப்பு. துடைக்கத் துணி எடுக்கலாம் என்று டிரைவர் சீட்டுக்கு அடியில் கையை விட்டேன். கனமாக ஒரு காகிதப் பொட்டலம் தட்டுப்பட்டது. பிரித்தேன்.

டாப்பு போல்ட்டுக்கு உள்ள ஸ்பானர். அதன் இரண்டு தலையிலும் சந்தனமும் குங்குமமும் வைத்தது வைத்தபடி இருந்தது.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவன் கதையைக் கேட்டால் சிரிப்போம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் கத்துவேன் என்று அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. மழை வந்தால் எப்படியும் வழக்கமான இடத்தில் கையை விடுவேன் என்று நம்பி வைத்திருக்கிறாள். ஸ்பானர் சாமி படத்துக்கு முன்னால் இருக்கிறது என்று அவ்வளவு திடமாக எனக்குத் தெரிந்திருந்ததால், நான் கையை விடவே இல்லை.

இறங்கி, மழையில் நின்று, இந்த மூலையில் ஒன்று, எதிர் மூலையில் ஒன்று என்று பன்னிரண்டு போல்ட்டையும் இறுக்கினேன். உள்ளே கல்யாணப் பாட்டு ஆரம்பித்தபோது முதல் போல்ட்டில் கை வைத்தேன். பாட்டு முடிவதற்குள் வேலை முடிந்துவிட்டது. பக்கத்துக் குழாயில் வாளியில் தண்ணீர் பிடித்துப் பள்ளத்திலேயே ஊற்றினேன். ஒரு சொட்டு இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி ஓடி வந்து பொட்டலத்தைத்தான் வாங்கினாள். ஸ்பானரில் சந்தனம் அழிந்திருந்ததைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"எடுத்தீகளா? நான்கூடப் பயந்துக்கிட்டே இருந்தேன். பொண்ணு நனையாமப் போய்ச் சேந்துச்சுல்ல?"

"எடுத்தேன்" என்றேன். "தாலி கட்டும்போது எடுத்தேன்."