வெட்டிப்போட்ட கோவைக்கொடி

சென்ற வாரம் நாமகிரிப்பேட்டைக்குப் போயிருந்தேன். தாவரவியல் துறையில் என்னோடு பணியாற்றிய சென்னியப்பனுக்குக் கருமாதி.

வாசலோரம் வெட்டிய கோவைக்கொடிகள் குவிந்து வாடிக்கிடந்தன. அவருடைய மைத்துனர் வரவேற்றார்.

“நாலு பேரு வர்ற எடமுங்க... அக்கா சொல்லித்தான் காலையில வேலியைச் சுத்தம் பண்ணுனோம். மச்சான் இருந்தவரைக்கும் ஒரு கொடியைத் தொட உடமாட்டாருங்க. புரொபசர் ஊட்டு வேலியா, காடான்னு ஊரே சிரிச்சுது!”

நான் சிரிக்கவில்லை. துக்க வீட்டில் சிரிப்பது என் வழக்கமன்று.

பந்தி முடிந்ததும் சென்னியப்பனின் மனைவி ராமாயி அம்மாள் அருகே வந்தார்.

“ஏனுங்க சார், எங்க வசந்தா பேருல ஒரு செடி இருக்குதுன்னு அவரு சொல்லுவாருங்க. கொல்லிமலையில எந்தப் பக்கமுங்க? ஒருக்கா கண்ணுல பாத்தரோணும்.”

வசந்தா அவர்களின் ஒரே மகள். பள்ளி வயதில் காய்ச்சலில் போனவள். அதற்கடுத்த ஆண்டு, கொல்லிமலையில் இலை ஆழமாகப் பிளந்த ஒரு கோவைக்கொடியைக் கண்ட சென்னியப்பன், அதைப் புதிய இனமென்று அறிவித்து மகள் பெயரைச் சூட்டினார்.

பின்னர் எங்கள் கல்லூரிக்கு எலக்ட்ரோபோரசிஸ் கருவி வந்தது. இலைச்சாற்றை ஜெல்லில் இட்டு மின்சாரம் பாய்ச்சினால் என்சைம்கள் வரிவரியாகப் பிரியும். அந்த வரிகளே செடியின் மரபு அடையாளம். இலையின் வடிவம் ஏமாற்றலாம். வரிகள் அவ்வளவு எளிதில் ஏமாற்றுவதில்லை.

மலைக்கொடியின் வரிகளும் சாதாரணக் கோவையின் வரிகளும் ஒன்றாகவே இருந்தன. சோதித்தவர் சென்னியப்பன். மறுமுறையும் சோதித்தார்... அதே வரிகள். ‘இது தனி இனமன்று’ என்று கட்டுரை எழுதி அனுப்பியவரும் அவரே. துறைத்தலைவரான நான் தடுக்கவில்லை. தடுத்திருக்கவும் கூடாது.

மனைவியிடம் மட்டும் அவர் சொல்லவில்லை போலும்! செடிகளின் சொந்தபந்தத்தை அறிய எங்களிடம் கருவி இருந்தது. அடுத்த மேசைக்காரரின் மனத்தை அறிய...?

பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. உள்ளதைச் சொன்னேன்.

“அந்தப் பேரு நிலைக்கலீங்கம்மா. அது தனிச் செடியில்லை. எல்லா வேலியிலயும் படர்ற நம்ம கோவைதான்.”

அவர் வாசலோரக் குவியலைப் பார்த்தார்.

“அதுக்குத்தான் வெட்ட உடலீங்களா... நான் வேற அவரைத் தெனமும் திட்டுவேனுங்க. இன்னிக்கு வெட்டச் சொன்னதும் நாந்தானுங்க, சாமி.”

ஆறுதல் சொல்வதில் எனக்குத் தேர்ச்சி கிடையாது. படித்ததைச் சொன்னேன்.

“கோவைக்குக் கிழங்கு மண்ணுக்குள்ள இருக்குதுங்கம்மா. ஒரு மழை பெஞ்சா துளிர்த்துடும்.”

இதை எழுதும்வரை நாமகிரிப்பேட்டையில் மழை இல்லை — விசாரித்தேன்.