கோழிக்கால் தையல் போட்ட கம்பளி

எங்கள் தாத்தா கம்பளி போர்த்திக்கொள்ளமாட்டார். கேமரன் மலையில் இருந்துகொண்டு ஒரு மனிதர் இப்படிப் பிடிவாதம் பிடித்தால் வீட்டிலிருக்கிறவர்களுக்கு எப்படி இருக்கும்? ரிங்லெட் ஊருக்கு மேலே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் வீடு. மார்கழி விடியலில் பனி கதவிடுக்கு வழியாக உள்ளே வந்து உட்காரும். நாங்கள் எல்லாரும் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடப்போம். அவர் மட்டும் இரண்டு சட்டையை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு, கைலியால் காலை மூடிக்கொண்டு, அடுப்பங்கரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருப்பார்.

"வெறைச்சிச் செத்துப் போகப்போறீங்கப்பா" என்று அம்மா கத்துவார். அம்மா அவருடைய ஒரே மகள். அவரோடு சண்டை போட அம்மாவுக்கு மட்டும்தான் உரிமை.

"நான்தான் ஒருக்கா செத்தாச்சேம்மா. இன்னொரு தடவ எப்படிலா சாவேன்?" என்பார் தாத்தா. நாங்கள் சிரிப்போம். பழைய பட்டாளத்துக்காரர், ஜப்பான்காரன் காலத்தில் துப்பாக்கி தூக்கியவர், ஏதோ வீரப்பேச்சு பேசுகிறார் என்று நினைத்துக்கொள்வோம். நாசமாய்ப் போன சிரிப்பு அது. இப்போது நினைத்தால் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அவருக்கு எண்பது தாண்டிய பிறகு ஒரு சங்கத்தார் வந்தார்கள். அந்தக் காலத்தில் இந்திய விடுதலைப் படையில் சேர்ந்தவர்கள் கொஞ்சப் பேர்தான் உயிரோடு இருக்கிறார்கள், அவர்களுக்கு மரியாதை செய்யப்போகிறோம் என்றார்கள். ரிங்லெட்டில் ஒரு மண்டபம், நல்ல கூட்டம். தாத்தாவுக்கு வெள்ளை வேட்டி கட்டிக் கூட்டிக்கொண்டு போனோம். மேடையில் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். தலைவர் பொன்னாடையைப் பிரித்து, அவர் தோளில் போர்த்தக் கையைத் தூக்கினார். தாத்தா அந்தக் கையைத் தட்டிவிட்டார். மெல்லவும் இல்லை, பட்டென்று தட்டினார். பொன்னாடை கீழே விழுந்தது.

வேனில் ஏறியதும் அம்மா பிடித்துக்கொண்டார். "மானம் போச்சு! ஊரு சனம் முன்னாடி இப்படியா செய்வீங்க? போத்துனா என்னப்பா கொறஞ்சி போயிருவீங்க?"

தாத்தா வெளியே பார்த்துக்கொண்டே, "எங்காத்தா சாக்கு போத்திக்கிட்டுத்தான் செத்துச்சு" என்றார். அன்றைக்குத்தான் முழுதாகச் சொன்னார். அதற்கு முன்னும் சொன்னதில்லை, பின்னும் சொன்னதில்லை.

ஜப்பான்காரன் வந்ததும் வெள்ளைக்காரத் துரை ஓடிவிட்டான். தேயிலையை வெட்டிவிட ஆளில்லாமல் செடியெல்லாம் மரமாகிவிட்டது. இடுக்கிலெல்லாம் மரவள்ளி நட்டுத்தான் லயத்துச் சனம் வயிற்றைக் கழுவியது. துணி கிடையாது. கோணிச் சாக்கைக் கிழித்துக் கட்டிக்கொண்டார்கள். அதோடு சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். காலையில் பேர் கொடுக்க நிற்கிற பெரட்டுக் களத்திலேயே ஆளை இழுத்து லோரியில் ஏற்றினார்கள். போனவன் போனவன்தான்.

தாத்தாவின் அம்மா கைம்பெண். இவர் ஒரே பிள்ளை, மீசை அப்போதுதான் அரும்பியிருந்தது. படைக்கு ஆள் சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அந்த அம்மாதான் இவரைத் தள்ளிவிட்டது. "சயாமுக்குப் போனவன் எவனும் திரும்பலய்யா. நீ பட்டாளத்துக்குப் போயிரு. சோறாச்சும் போடுவான்" என்றதாம். போகும்போது வீட்டிலிருந்த ஒரே கம்பளியைச் சுருட்டிக் கையில் கொடுத்ததாம்.

அந்தக் கம்பளியைப் பற்றிச் சொல்லவேண்டும். தோட்டத்தில் எல்லாருக்கும் ஒரே சாம்பல் நிறக் கம்பளிதான். துவைத்து ஒரே வேலியில் காயப்போடுவார்கள். மாறிப்போகக் கூடாதென்று ஒவ்வொரு வீட்டுப் பொம்பளையும் மூலையில் தன் கையால் ஒரு அடையாளத் தையல் போட்டுவைப்பாள். தாத்தாவின் அம்மா போட்டது சிவப்பு நூலில் கோழிக்கால். மூலையைப் பார்த்தாலே எந்த வீட்டுக் கம்பளி என்று லயத்தில் யாரும் சொல்லிவிடுவார்கள். ஆளைப் பார்க்க வேண்டியதே இல்லை.

படையில் தாத்தா துப்பாக்கியைவிட மண்வெட்டி தூக்கியதுதான் அதிகம். முகாமில் பக்கத்துப் படுக்கைக்காரனுக்குக் குளிர்க்காய்ச்சல். யாரோ எவரோ, எந்த ஊரோ. உதறி உதறிக் கட்டிலே ஆடியதாம். இவரை வடக்கே வேறு முகாமுக்குப் போகச் சொல்லி உத்தரவு வந்த காலையில், மனசு கேட்காமல் தன் கம்பளியை அவன்மேல் போர்த்திவிட்டுப் போயிருக்கிறார். அவன் செத்துப்போனான்.

எங்கள் லயத்துப் பக்கத்து வீட்டுக்காரனும் அதே முகாமில் இருந்தான். சீக்காளியாகிவிட்டான் என்று அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். தாத்தாவிடம் சொல்லிக்கொண்டு போக வந்தவன், காலிக் கட்டிலில் கோழிக்கால் கம்பளியைப் பார்த்தான். "இதைப் போத்தியிருந்தவன் எங்கே?" என்று கேட்டான். "காலையில புதைச்சாச்சு" என்றார்கள். அவன் வேறெதுவும் கேட்கவில்லை. எதற்குக் கேட்பான்? கம்பளியை எடுத்துக்கொண்டு மலையேறி, தாயின் கையில் கொடுத்துவிட்டான்.

அந்த அம்மா மூலையைத் தடவிப் பார்த்தது. தன் தையல். அதற்குமேல் சாட்சி வேண்டுமா?

உடம்பு இல்லாததால் அந்தக் கம்பளியையே பாடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போய் எரித்தார்கள். தூக்கும்போது அந்த அம்மா, "எரிக்காதீங்கய்யா, எங்கிட்ட குடுத்துருங்க, நான் போத்திக்கிறேன்" என்று காலைக் கட்டிக்கொண்டு அழுததாம். "செத்தவன் துணிய வீட்டுல வெக்கக்கூடாது" என்று கங்காணி பிடுங்கிக்கொண்டான். பெரிய சாஸ்திரம் கண்டவன்! சாக்கைப் போர்த்திக்கொண்டு மலைக்குளிரில் கிடக்கிற பெண்ணிடம் அந்தச் சாஸ்திரத்தைக் காட்டியிருக்கிறான். கருமாதிக்குப் பிறகு அது மரவள்ளியைக்கூட வாயில் வைக்கவில்லை. 'நாந்தானே அனுப்பினேன்' என்று சொல்லிச் சொல்லியே போய்ச் சேர்ந்துவிட்டது.

ஜப்பான்காரன் தோற்றதும் தாத்தா மலையடிவாரத்துத் தாப்பாவிலிருந்து நடந்தே வந்தார். லயத்துப் பெண்கள் அலறி அடித்துக் கதவைச் சாத்தினார்கள். கோவிலடியில் நிற்கவைத்து மஞ்சள் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் ஒருத்தர் பக்கத்தில் வந்தார். அப்புறம்தான் தாய் போன கதையைச் சொன்னார்கள்.

"அவனுக்குக் குடுத்தது தப்பில்ல" என்றார் தாத்தா வேனில். "ஆனா அது எங்காத்தா போத்தியிருந்தது. அதுக்கு நான் எங்க போவேன்?" அம்மா அழுதுவிட்டார். நானும் அழுதேன். அவர் அழவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் நாங்கள் கம்பளி என்ற பேச்சையே அவரிடம் எடுக்கவில்லை. பெரியவர் மனசைப் புண்படுத்தக் கூடாது, அதுதான் மரியாதை என்று முடிவு கட்டிக்கொண்டோம். அவரும் நூறை எட்டிப் பிடிக்கிற மாதிரி வாழ்ந்தார். கொள்ளுப்பேரன்களைத் தூக்கிவைத்துக் கொஞ்சினார், பல் போன பிறகும் முறுக்கை இடித்துத் தரச் சொல்லித் தின்றார். ஒவ்வொரு மார்கழியும் சுவரோடு சாய்ந்து நடுங்கிக்கொண்டே இருந்தார். நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

கடைசி மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. கிளினிக்கில் பார்த்துவிட்டு, வயசாகிவிட்டது, வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நடுக்கத்தில் கட்டில் கடகடவென்று ஆடியது. அம்மா என்ன நினைத்தாரோ, குடையை எடுத்துக்கொண்டு ரிங்லெட்டில் முஸ்லிம் நானா வைத்திருக்கிற துணிக்கடைக்குப் போய் ஒரு சாம்பல் கம்பளி வாங்கிவந்தார். தையல் மிஷின் பெட்டியிலிருந்து சிவப்பு நூலை எடுத்தார். மூலையில் மூன்று விரல் முன்னே, ஒரு விரல் பின்னே, கோழிக்கால். சோறு வேகிற நேரம்கூட ஆகவில்லை.

கொண்டுபோய்ப் போர்த்தினார். தாத்தா தள்ளப் பார்த்தார். பிறகு அவர் விரல் ஓரத்தைப் பிடித்தபடியே நகர்ந்து மூலைக்குப் போனது. அங்கே நின்றுவிட்டது. திரும்பத் திரும்பத் தடவினார்.

"எரிச்சிட்டதாச் சொன்னாங்களே" என்றார்.

"இல்லப்பா. பத்திரமா இருக்கு" என்றார் அம்மா.

தாத்தா கம்பளியைக் கழுத்துவரைக்கும் இழுத்துக்கொண்டார். அன்றைக்குத்தான் அவர் நீட்டி நிமிர்ந்து தூங்கி நான் பார்த்தேன். அப்படியே நாலைந்து நாள் கிடந்து போய்விட்டார். எனக்கு ஆறவே இல்லை. நானா கடை எப்போதும் அங்கேதான் இருந்தது. சிவப்பு நூல் எங்கள் வீட்டுப் பெட்டியிலேயே கிடந்தது. வேனில் கதை கேட்ட மறுநாளே தைத்திருக்கலாம். கேட்கக்கூடத் தோன்றவில்லையே எங்களுக்கு!

உடம்பைக் குளிப்பாட்டத் தூக்கியபோது லயத்துப் பெரியவர் ஒருத்தர் கம்பளியைச் சுருட்டினார். "செத்தவரு துணி. வீட்டுல வெக்கக்கூடாது, இதையும் சேத்து எரிச்சிருவோம்" என்றார்.

அம்மா அவர் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். "அந்தம்மா காலப் புடிச்சிக் கேட்டப்பவே குடுத்திருக்கணும்" என்றார். பெரியவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மா அதைப் பிரித்துத் தன்மேல் போர்த்திக்கொண்டு, கூட்டத்துக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.