மீட்டர் காட்டிய ஆறு வோல்ட்

யுத்த காலத்தில் சிம்மக்கல்லில் ஒரு பேட்டரிக் கடையில் வேலை பார்த்தேன். எட்டாவது வரை படித்தவன். ஆட்களிடம் பேசக் கூச்சம். பேட்டரிகளோடு பேச வேண்டியதில்லை என்பதால் அந்த வேலை பிடித்திருந்தது.

வில்லாபுரத்திலிருந்து ஒரு பாய் வாரம் ஒருமுறை ரேடியோ பேட்டரியை வண்டியில் வைத்துக் கொண்டுவருவார். வியாழக்கிழமை கொடுத்துவிட்டு வெள்ளிக்கிழமை எடுத்துப் போவார். அவர் வீட்டுப் பக்கம் மின்சாரம் கிடையாது. மகன் பினாங்கில் கடை வைத்திருந்தான். ஜப்பான்காரன் அங்கே நுழைந்தபின் ஒரு கடிதமும் இல்லை. அங்கே உயிரோடு இருக்கிறவர்களின் பெயர்களைச் சிங்கப்பூர் ரேடியோவில் தமிழில் வாசிப்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள். எதிரி ரேடியோ என்பதால் பாய் கதவைச் சாத்திக்கொண்டு தினமும் கேட்டார்.

ஒரு வியாழக்கிழமை மதியம் போன கரண்டு மறுநாள் பாய் வரும்வரை வரவில்லை. பேட்டரி கால்வாசிகூட ஏறவில்லை.

"இன்னைக்குச் சாயங்காலம் மதுரை ஜில்லா ஆளுக பேருன்னு ரேடியோல முந்தாநாளே சொல்லிட்டான், தம்பி. தாங்கும்ல?"

முதலாளி உள்ளேயிருந்து எனக்குக் கண்ணைக் காட்டினார். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர் ஊற்ற வேண்டிய செல்லில் ஆசிட்டை ஊற்றினால், சார்ஜ் ஏறியதா என்று பார்க்க உள்ளே விடும் மிதவை நன்றாக மேலே ஏறி நிற்கும். மீட்டரும் செல்லுக்கு இரண்டு வோல்ட் குறையாமல் காட்டும். தகட்டில் சக்தி ஏறியிருக்காது. ஆனால் பார்க்கிறவருக்குப் பேட்டரி நிறைந்துதான் தெரியும்.

தண்ணீர் ஊற்றுவதுபோல மூன்று செல்லிலும் ஆசிட்டை ஊற்றினேன். மீட்டரை வைத்தேன். முள் ஆறைத் தாண்டி நின்றது.

"ஆறு இருக்கு பாய்."

"அட, இவனுக்குப் பேச வருதேப்பா! ஒன் வாய்க்கும் சேத்துச் சார்ஜ் போட்டுட்டாரா ஒங்க முதலாளி?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

"வேற பேட்டரி கொண்டுபோங்க" என்று நான் சொல்லியிருக்கலாம். அலமாரியில் சார்ஜ் ஏறிய ஒன்று இருந்தது, முதலாளியின் வீட்டுப் பேட்டரி. அவரிடம் கேட்க வாய் எழவில்லை.

சனிக்கிழமை காலையில் கடை திறக்குமுன் பாய் பேட்டரியோடு வந்து நின்றார்.

"மதுரை ஜில்லான்னான் தம்பி. மேலூர் ஆளுக ரெண்டு பேரு வந்துச்சு. அப்புறம் சத்தம் தேஞ்சு தேஞ்சு அப்படியே போச்சு. மீட்டர் சரியாத்தான காட்டுச்சு?"

"சரியாத்தான் காட்டுச்சு பாய்."

அவர் பேட்டரியை விட்டுப் போனபின் அதில் மீட்டரை வைத்தேன். அப்போதும் ஆறுக்குக் கொஞ்சம்தான் குறைவு. கார் விளக்கு பல்பு ஒன்றை அதில் மாட்டினேன். இழை ஒரு கணம் சிவந்து அணைந்தது. முள் படுத்துவிட்டது. இதை முந்தின நாளே பாய் முன்னால் செய்து காட்டியிருக்க வேண்டும்.

அந்தப் பட்டியலை ரேடியோவில் மறுபடி வாசிக்கவே இல்லை. யுத்தம் முடிந்து பினாங்கிலிருந்து கப்பல்கள் வந்தன. மகன் வரவில்லை. பாய் கடைக்கு வருவதை நிறுத்தவில்லை. பேட்டரி இறக்கும்போதெல்லாம் ஒரே பேச்சுதான்.

"அன்னைக்கு எம் மகன் பேரச் சொல்லிருப்பான், தம்பி. அந்தப் பயதான் எங்கயோ இருந்துக்கிட்டு எழுத மாட்டேங்கான்."

"சொல்லிருப்பாக, பாய்" என்பேன். தண்ணீர் மட்டும் ஊற்றி, பல்பை மாட்டிப் பார்த்து, வண்டிவரை நானே தூக்கிக்கொண்டு போய் வைப்பேன். ஆசிட் ஊற்றியதைக் கடைசிவரை அவரிடம் சொல்லவில்லை.